முதலும் சினையும்: பழைய உறுப்புகளால் ஆகும் விலையுயர்ந்த மின்கித்தார்கள்



மின்கித்தாரைப் பற்றி ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. இலக்கணத்தில் நாம் சொல்லித்தரும் 'முதல்', 'சினை' என்னும் இரண்டு சொற்களுக்குள் இந்தச் செய்தி முழுவதும் அடங்கிவிடுகிறது. மரம் முதல், கிளை சினை. உடல் முதல், கை சினை. கித்தார் முதல் என்றால் அதன் கழுத்தும், பிரடையும், தந்தியும் சினைகள். சினைகள் எல்லாம் பழையனவாக இருந்தால் முதலும் பழையதாகிவிடுமா? ஒரே ஒரு சினை பழையதாக இருந்தால் முழுக் கருவிக்கும் பழைமையின் விலையைக் கேட்கலாமா? ஒரு சினைக்காக முதலையே சிதைக்கலாமா? இன்றைய கித்தார்ச் சந்தையில் பல ஆயிரம் அமெரிக்க வெள்ளி இந்தக் கேள்விகளை ஒட்டியே கைமாறுகிறது.

1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட மின்கித்தார்களின் உறுப்புகளைத் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டு ஒருவருடைய விருப்பத்திற்கேற்ப ஒரு புதிய கித்தாரைச் செய்து தருகிறார்கள் சில கைவினைஞர்கள். அத்தகைய கருவிகள் கடையில் கிடைக்கும் நல்ல புதிய கித்தாரைப்போலப் பல மடங்கு விலை பெறுகின்றன. இந்தத் தொழிலைப் பற்றிய என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீணாய்ப் போக இருந்த உறுப்புக்கு மறுவாழ்வு தருவது நல்ல தொழில். நலமாய் இருக்கும் பழைய கருவியை அதன் உறுப்புகளுக்காகப் பிரித்துப் போடுவது தீய தொழில். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே புகழும் கிடைப்பதுதான் சிக்கல்.

பிரித்துப் பூட்டும் கருவி

மின்கித்தார் ஏன் இவ்வளவு எளிதாகப் பிரிக்கப்படுகிறது? அதற்குக் காரணம் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். அவர் வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர். 1950ஆம் ஆண்டு அவர் சந்தைக்குக் கொண்டுவந்த மின்கித்தாரில் கழுத்தைப் பசைபோட்டு ஒட்டவில்லை. திருகாணிகளால் உடலோடு பூட்டினார். கழுத்து வளைந்துவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு பழுதுபார்ப்பவரின் சிந்தனை. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் புகழ்பெற்ற கித்தாரும் இதே முறையில் அமைந்ததுதான்.

இவ்வகைக் கித்தாரில் ஒலியைப் பிறப்பிக்கும் முதன்மை உறுப்பு 'பிக்கப்' எனப்படும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது கம்பிச்சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே ஒலிபெருக்கிக்குச் சென்று இசையாகிறது. இந்தப் பிக்கப்பையும் நான்கைந்து திருகாணிகளையும் ஈயப் பற்றையும் நீக்கிக் கழற்றிவிடலாம். பழுதுபார்க்க வசதியாக அமைத்த அதே அமைப்பு, பிற்காலத்தில் பிரித்து விற்கவும் வசதியாகிவிட்டது.

மூன்று கருவிகள்

பழைய உறுப்புகளால் கித்தார் செய்யும் வழக்கத்திற்குப் பெருமை சேர்த்தவை மூன்று கருவிகள். மூன்றையும் நான் மதிக்கிறேன்.

முதலாவது, பிரிட்டனின் எரிக் கிளாப்டன் வைத்திருந்த 'பிளாக்கி'. 1970இல் அவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தார்கள் ஆறு வாங்கினார். அன்று அவை யாரும் பெரிதாகக் கருதாத மலிவான பழைய பொருள்கள். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டீவ் வின்வுட், பீட் டவுன்ஷெண்ட் ஆகிய நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் சிறந்த உறுப்புகளைச் சேர்த்து ஒரே கருவியாக்கினார். 1980களின் நடுப்பகுதிவரை அதுவே அவருடைய முதன்மைக் கித்தார்.

இரண்டாவது, எடி வான் ஹேலன் 1970களில் தாமே பூட்டிய கித்தார். தொழிற்சாலையில் குறையுடையது என்று ஒதுக்கப்பட்ட மர உடலை 50 வெள்ளிக்கும், கழுத்தை 80 வெள்ளிக்கும் வாங்கினார். கிப்சன் நிறுவனத்தின் பழைய கித்தாரிலிருந்து ஒரு பிக்கப்பை எடுத்துப் பொருத்தினார். அவர் விரும்பிய கருவி கடையில் இல்லை. ஆகவே அதைத் தாமே செய்துகொண்டார். 1978இல் வெளிவந்த அவர்களுடைய குழுவின் முதல் இசைத்தட்டு இக்கருவியின் ஒலியால்தான் பேசப்பட்டது.

மூன்றாவதே என் மனத்திற்கு மிக நெருக்கமானது. குவீன் இசைக்குழுவின் பிரையன் மே, பள்ளி மாணவராக இருந்த காலத்தில், 1963இல் தம் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து ஒரு கித்தார் செய்யத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்க வசதியில்லை. கழுத்துக்கு, வீடொன்றிலிருந்து அகற்றப்பட்ட நூறாண்டுப் பழைமையான கணப்படுப்பின் மேற்சட்ட மரம். அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேசையின் ஓக் மரம். தந்திகளைத் தளர்த்தி இறுக்கும் பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்கள். அந்தப் பொறியின் கைப்பிடி நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. விரற்பலகையில் இடம் காட்டும் புள்ளிகளுக்குத் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 8 பவுன் என்று அவரே கூறியிருக்கிறார். வீட்டில் செய்த அந்தக் கருவியைத்தான் 2002ஆம் ஆண்டு அரசியாரின் பொன்விழாவில் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தார். பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ளது என்ன? உறுப்புகள் மலிவானவை. எவருடைய புதையலையும் உடைத்து எடுத்தவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றும் வாசிப்பதற்காகவே செய்யப்பட்டவை.

கதைக்கு விலை வந்தபோது

2004ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிளாக்கி 959,500 அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டது. அந்தப் பணம் கிளாப்டன் நிறுவிய, போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை மையத்திற்குச் சென்றது, அது நற்செயலே. ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2006இல் ஃபெண்டர் நிறுவனம் பிளாக்கியின் ஒவ்வொரு கீறலையும் தேய்மானத்தையும் அப்படியே நகலெடுத்து 275 கித்தார்கள் செய்தது. ஒன்றின் விலை 24,000 வெள்ளி. பெருக்கிப் பார்த்தால் 66 இலட்சம் வெள்ளி! அடுத்த ஆண்டு வான் ஹேலன் கித்தாரின் நகல்கள் 300 வந்தன. ஒன்றின் விலை 25,000 வெள்ளி. 50 வெள்ளி உடலும் 80 வெள்ளிக் கழுத்தும் எங்கே, 25,000 எங்கே?

நகல் செய்வதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. நகல் என்று சொல்லியே விற்றார்கள். வாங்கியவர்களும் அறிந்தே வாங்கினார்கள். ஆனால், இத்தகைய விற்பனைகள் சந்தைக்கு ஒரு பாடம் கற்பித்தன. மரத்தையும் கம்பியையும்விடக் கதைக்கே விலை அதிகம் என்பதுதான் அந்தப் பாடம். நகலில் இருக்கும் கீறல் செயற்கை. அப்படியானால் உண்மையான பழைய உறுப்பு ஒன்று உள்ளே இருந்தால்? விலை இன்னும் ஏறும் அல்லவா? பழைய உறுப்புகளுக்கான வேட்டையை இந்த எண்ணமே முடுக்கிவிடுகிறது.

சினைக்காக முதலைக் கொல்லுதல்

அந்த வேட்டையின் விளைவைக் காண ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

கிப்சன் நிறுவனத்தின் பொறியியலாளர் செத் லவர் இரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை உருவாக்கினார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல்தான் அது கிடைத்தது. 1957 முதல் அந்தப் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் பொருள்படும் சிறிய ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதைப் 'பி.ஏ.எஃப்.' என்பர். 1958 முதல் 1960 வரை இந்தப் பிக்கப்புகளுடன் வெளிவந்த 'லெஸ் பால்' வகைக் கித்தார் ஏறத்தாழ 1,500 மட்டுமே செய்யப்பட்டது. இன்று அது பல இலட்சம் வெள்ளி பெறும். அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்கள் என்ன செய்கிறார்கள்? சில ஆண்டுகள் முந்திய, விலை குறைந்த லெஸ் பால் உடலை எடுத்து, அதில் பி.ஏ.எஃப். பிக்கப்பைப் பொருத்தி, அதே நிறம் பூசிக்கொள்கிறார்கள்.

சரி, அந்தப் பிக்கப் எங்கிருந்து வருகிறது? அதே ஆண்டுகளில் அதே பிக்கப், 'இ.எஸ்.175' போன்ற ஜாஸ் கித்தார்களிலும் பொருத்தப்பட்டது. ஜாஸ் கித்தாருக்கு அந்த அளவு சந்தை மதிப்பில்லை. ஓர் இணை பி.ஏ.எஃப். பிக்கப்பு மட்டும் பல ஆயிரம் வெள்ளி பெறும்போது, அதைத் தாங்கியிருக்கும் கித்தார் வெறும் உறையாகிவிடுகிறது. பிக்கப்பைக் கழற்று, வேறு எதையாவது பொருத்து, உறையைத் தனியே விற்றுவிடு. நிறம் மாற்றிப் பூசப்பட்ட பழைய கித்தார் ஏறத்தாழப் பாதி மதிப்பை இழந்துவிடும் என்பது வணிகர்களின் பொதுக்கணக்கு. அத்தகைய கித்தாரை முழுமையாக விற்பதைவிடப் பிரித்து விற்பதே ஆதாயம். முதலைவிடச் சினைகளின் கூட்டுத்தொகை பெரிதாகும்போது முதலுக்கு அழிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

இவ்வாறு முதலில் அழிபவை அருங்காட்சியகத்திற்குரிய கருவிகள் அல்ல. அவற்றை யாரும் தொடமாட்டார்கள். சற்றே குறையுள்ள, நிறம் மாறிய, ஆனால் நன்றாக ஒலிக்கும் பழைய கருவிகளே அழிகின்றன. பெரும்பணம் இல்லாத ஓர் இசைக்கலைஞர் வாங்கி வாசிக்கக்கூடியவை அவை மட்டுமே!

கருவியும் ஒரு சான்று

இன்னோர் இழப்பும் உண்டு. பழைய கித்தார் தன் வரலாற்றைத் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது 137 என்று தொடங்கினால் ஒரு நிறுவனம்; 304 என்று தொடங்கினால் வேறொரு நிறுவனம். தொடர்ந்து வரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் காட்டும். ஃபெண்டர் கழுத்தின் அடிப்பகுதியில் தொழிலாளி பென்சிலால் எழுதிய நாள் இருக்கும். தொழிற்சாலையில் வைத்த ஈயப் பற்று கலையாமல் இருந்தால் உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிரித்துப் பூட்டும்போது ஒவ்வோர் உறுப்பும் உண்மையையே சொல்லும். ஆனால் முழுக்கருவி பொய் சொல்லும். 1957ஆம் ஆண்டுக் கழுத்து, 1962ஆம் ஆண்டுக் குமிழ், சென்ற ஆண்டு அறுத்த உடல். இதை விற்பனையாளர் எப்படி அழைக்கிறார்? '1957 கித்தார்' என்கிறார்! இலக்கணத்தில் இதைச் சினையாகுபெயர் என்போம். 'தலைக்கு ஒரு பழம்' என்றால் தலை என்னும் சினை முழு ஆளைக் குறிக்கும். கேட்பவருக்கும் அது தெரியும். ஆகவே அங்கே ஏமாற்று இல்லை. சந்தையின் சினையாகுபெயரிலோ கேட்பவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆதாயம். பி.ஏ.எஃப். ஒட்டுத்தாளைக்கூடப் போலியாக அச்சிட்டு விற்கிறார்கள் என்றால் வேறென்ன சொல்ல?

பழையதெல்லாம் இனிதா?

'பழைய உறுப்பின் ஒலி தனி' என்பார்கள். ஓரளவு உண்மை இருக்கலாம். அந்தக் காலத்துப் பி.ஏ.எஃப். பிக்கப்புகளில் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை ஒரே சீராக இல்லை. காந்தத்தின் வகையும் மாறிமாறி வந்தது. எனவே ஒன்றைப்போல் மற்றொன்று ஒலிக்காது. சில மிகச் சிறப்பாக அமைந்தன. சில சாதாரணமாகவே அமைந்தன. இதன் பொருள் என்ன? பழையது என்பதற்காக ஒன்று இனிமையாகிவிடாது. இனிமையானது எது என்று காதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆண்டு தேர்ந்தெடுக்காது.

வயலின் உலகில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், பிரெஞ்சு ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் அவருடைய குழுவினரும் 21 வயலின் கலைஞர்களிடம் 6 வயலின்களைக் கொடுத்தனர். மூன்று புதியவை, மூன்று இத்தாலியப் பெருங்கைவினைஞர்கள் செய்த பழையவை. எது எதுவென்று தெரியாதபடி செய்து வாசிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் விரும்பியது புதியதையே. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி வயலின்! 2012இல் வெளியான அந்த ஆய்வு வயலினைப் பற்றியதுதான்; கித்தாருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும், விலையும் வயதும் தெரிந்த பிறகு நம் காது நடுவராக இருப்பதில்லை என்பதை அது உணர்த்துகிறது.

நல்ல வழியும் உண்டு

இவ்வளவு சொன்னதால் இந்தத் தொழிலையே நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டா. நியூயார்க்கின் கார்மைன் தெருவில் கடை நடத்திய ரிக் கெல்லி என்னும் கைவினைஞரைப் பாருங்கள். அந்நகரத்துப் பழைய கட்டடங்களை இடிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வெளிவரும் பைன் மர உத்திரங்களைச் சேகரித்து அவர் கித்தார் செய்தார். செல்சி ஹோட்டல், மெக்சோர்லிஸ் மதுக்கடை போன்ற இடங்களின் மரங்களும் அவற்றுள் அடங்கும். நெடுங்காலம் உலர்ந்து பிசின் இறுகிய மரம் நன்றாக ஒலிக்கும் என்பது அவர் கொள்கை. 2018இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. அவர் எந்தக் கித்தாரையும் உடைக்கவில்லை. குப்பைக்குப் போக இருந்த மரத்தைத்தான் இசையாக்கினார். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

விரற்பலகைக்குப் பயன்படும் மரத்திலும் இதே நியாயம் உண்டு. பழைய கித்தார்களில் இருந்த பிரேசில் ரோஸ்வுட் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதன் இடத்தைப் பெருமளவு நிரப்பியது தென்னிந்தியாவின் ஈட்டி மரம். ஈட்டிக்கும் 2017 முதல் கட்டுப்பாடு வந்துவிட்டது. இந்நிலையில், உடைந்துபோன பழைய மேசையிலிருந்தோ சீராக்க முடியாத கித்தாரிலிருந்தோ முறையான ஆவணத்தோடு மரத்தை எடுத்துப் பயன்படுத்தினால் காட்டில் ஒரு மரமாவது பிழைக்கும்.

'என் பணம், என் கித்தார். நான் பிரிப்பேன், உனக்கென்ன?' என்று ஒருவர் கேட்கலாம். சட்டப்படி அவருக்கு உரிமை உண்டு. கிளாப்டனும் பிரித்தவர்தானே என்றும் கேட்கலாம். ஆம், பிரித்தார். ஆனால் 1970இல் அக்கருவிகள் எங்கும் மலிவாகக் கிடைத்த பயன்படுபொருள்கள். இன்று அவை இனி உருவாகாத, எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வரும் பொருள்கள். எண்ணிக்கை மாறும்போது அறமும் மாறத்தான் வேண்டும். ஊரில் மீன் நிறைய இருந்தபோது தாத்தா வலை வீசினார் என்பதற்காக, கடைசி மீனையும் பேரன் பிடிக்கலாமா?

என் வேண்டுகோள்

இத்தகைய கருவியை வாங்குவோரும் செய்வோரும் நான்கு நெறிகளைக் கடைப்பிடித்தால் போதும் என்பது என் கருத்து.

1. வாசிக்கத்தக்க நிலையில் உள்ள முழுக்கருவியை உறுப்புக்காகப் பிரிக்கக் கூடாது. ஏற்கெனவே தனித்துப்போன உறுப்புகளையும், சீராக்கவே முடியாதபடி உடைந்த கருவிகளின் உறுப்புகளையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

2. எந்த உறுப்பு எந்த ஆண்டுக்குரியது, எங்கிருந்து வந்தது, எது புதியது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கருவியோடு என்றும் இருக்க வேண்டும்.

3. பழுதுபார்க்கும்போது கழற்றிய பழைய உறுப்பை எறிந்துவிடாமலும் தனியே விற்றுவிடாமலும் கருவியின் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பின்னாளில் ஒருவர் மீண்டும் பொருத்த விரும்பலாம்.

4. விலையைப் பழைய உறுப்பின் ஆண்டுக்குக் கொடுக்காமல், அதைச் செய்த கைக்குக் கொடுக்க வேண்டும். கைவினைஞரின் உழைப்புக்கு ஐயாயிரம் வெள்ளி கேட்டால் அது நியாயமான பேரம். ஓர் ஒட்டுத்தாளுக்கு ஐயாயிரம் என்றால் அது வேறு வணிகம்.

நான்காவதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். இணையத்தில் இவ்வகைக் கித்தார்களைப் பார்க்கும் பிள்ளைகள், நல்ல இசைக்குப் பழைய விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். 'அந்தக் கித்தார் இருந்தால் நானும் அப்படி வாசிப்பேன்' என்பது கற்கும் பிள்ளைக்கு வரக்கூடாத எண்ணம். கருவியின்மேல் பழியைப் போட்டுவிட்டால் பயிற்சி நின்றுவிடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பிளாக்கியின் ஏல விலையைச் சொல்வதைவிடப் பிரையன் மேயின் கதையைச் சொல்லுங்கள். கணப்படுப்பு மரம், தீக்குச்சி, பொத்தான், பின்னல் ஊசி, இரண்டு ஆண்டு உழைப்பு, பக்கத்தில் ஓர் அப்பா. பழைய பொருளைப் போற்றுவது எப்படி என்பதும், இல்லாமையிலிருந்து ஒன்றை ஆக்குவது எப்படி என்பதும் அந்த எட்டுப் பவுன் கித்தாரிலேயே இருக்கின்றன.

சினைகளை விலைபேசுவோம், முதலைக் காப்போம். சிந்திப்பீர்களாக.